சைக்கிள் இருக்கிறது, இறங்குபவர் இல்லை

படம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என் கையைச் சுரண்டினார்.

"என்னாடா இது, இவ்ளோ வெயில்ல மரம் வெட்டுறாங்க?"

திரையில் கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். இலைகளுக்கு நடுவே வெயில் தூண் தூணாக இறங்குகிறது. கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் வரிசையாக நின்று பால்மரம் வெட்டுகிறார்கள். மரத்தில் கட்டிய மங்கில், அந்தச் சிறு கிண்ணத்தில், வெள்ளையாகப் பால் சொட்டுகிறது. பின்னணியில் புல்லாங்குழல். ஒளிப்பதிவாளருக்குத் தாராளமாக ஒரு சபாஷ் போடலாம். "சும்மா பாருங்க பெரியம்மா" என்றேன். "என்னாத்தப் பாக்கறது? இந்நேரத்துக்குப் பாலே நின்னுருக்கும்" என்று சொல்லிவிட்டு, கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பெரியம்மா பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். படம் எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எனக்குப் படம் முடிந்து, இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் படத்தோடு நின்றுவிடும். கதை ஏறக்குறைய நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் ஒரு குடும்பம் பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்குப் போகிறது. ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வரைக்கும் வருகிறது. படம் முடிந்து மாமாக் கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, கூட வந்த நண்பர்கள் சொன்னது இரண்டே வாக்கியம். "அந்தக் காலத்த அப்படியே கொண்டு வந்துட்டாங்கப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா படம் என்னமோ ஒட்டல."

இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தேதான் வருகின்றன. சென்னையிலிருந்து வரும் பீரியட் படமானாலும் சரி, இங்கேயே எடுத்ததானாலும் சரி, அரங்கம் பிரமாதம், உடை பிரமாதம், ஒளி பிரமாதம், அப்புறம் ஒரு 'ஆனா'. திரைக்கதை சரியில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஏன் சரியில்லாமல் போகிறது, அதுவும் ஏன் இந்த வகைப் படத்தில் மட்டும் இத்தனை முறை நடக்கிறது என்று கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலத்தைக் கட்டி எழுப்புவது லேசான வேலை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஜார்ஜ்டவுனில் ஒரு சந்தை மறித்துப் படப்பிடிப்பு நடந்ததை நின்று பார்த்தேன். விடிவதற்கு முன்பே ஒரு லோரி நிறைய மண் கொண்டுவந்து சாலை முழுக்கக் கொட்டிப் பரப்பினார்கள். தார் மேல் இருக்கும் மஞ்சள் கோடு தெரியக் கூடாது, அதற்காக. கடை முன் நடைபாதையான அஞ்சடியில் இருந்த ஏர்கான் பெட்டிகளை மூங்கில் தட்டியால் மறைத்தார்கள். ஆஸ்ட்ரோ டிவி தட்டைக் கழற்ற ஒருவர் கூரை மேல் ஏறினார். கடைப் பலகைகள் எல்லாம் மாறின. பழைய எழுத்தில் 'ஜவுளிக்கடை' என்று எழுதிய பலகையில் பெயிண்ட் காயவே இல்லை. அதன்மேல் தேயிலைத் தண்ணீரைத் தெளித்து ஐம்பது வருட அழுக்கை ஐந்து நிமிடத்தில் ஏற்றினார் ஒரு பையன். மதியம் வரை இந்த வேலை. எடுத்தது ஒரே ஷாட்: ஒரு ரிக்‌ஷா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது.

பினாங்குக்கு இந்த முகம் எப்படி மிஞ்சியது என்பதே ஒரு கதை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வாடகை ஏறாதபோது வீட்டுக்காரர் ஏன் இடித்துக் கட்டப் போகிறார்? பழுது பார்க்கக்கூட மாட்டார். ஆகவே கட்டடம் அப்படியே நின்றது, அதே குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக உள்ளே இருந்தன. 2000 ஜனவரி முதல் தேதியோடு அந்தச் சட்டத்தின் பிடி விட்டது. வாடகை எகிறியது. தையல்காரரும் மாவு அரைப்பவரும் தீவின் வேறு மூலைகளுக்கும் பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் ஏறியது. சுவரும் சன்னலும் காப்பாற்றப்பட்டன. உள்ளே இப்போது காப்பிக் கடையும் தங்கும் விடுதியும்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த முகம் மிகவும் வசதி. 1992-இல் வந்த 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படத்துக்காகப் பினாங்கு வியட்நாமாக நடித்தது. 'அன்னா அண்ட் தி கிங்' படத்துக்குத் தாய்லாந்து அனுமதி மறுத்ததால், 1999-இல் பழைய சயாமாக வேடம் போட மலேசியாவுக்கு அழைப்பு வந்தது. பினாங்கும் அதில் உண்டு. 'இந்தியன் சம்மர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடருக்கு 1932-இன் சிம்லாவை இங்கேதான் எடுத்தார்கள். இமயமலை அடிவாரத்துக்குப் பதிலாக நம் பினாங்கு மலை. எல்லா ஊரின் பழங்காலமாகவும் நடிக்கத் தெரிந்த ஊர் இது. தன் பழங்காலமாக நடிக்கத்தான் வாய்ப்புக் குறைவு.

சரி, இந்த உழைப்புக்கும் கதை நொண்டுவதற்கும் என்ன சம்பந்தம்? நேரான சம்பந்தம் இருக்கிறது. கேமரா நிமிர்ந்தால் கொம்தார் கோபுரம் தெரிந்துவிடும். அறுபது மாடிக்கு மேல் உயர்ந்த கட்டடத்தை எந்த மூங்கில் தட்டியாலும் மறைக்க முடியாது. இடப்பக்கம் திரும்பினால் வாகன நிறுத்துமிடம், வலப்பக்கம் திரும்பினால் கடலோரத்து அடுக்குமாடி. எனவே கேமரா ஒரு சந்தின் நாற்பது அடிக்குள் முடங்கிவிடுகிறது. கணினி வரைகலையால் அழிக்கலாம், அதற்குப் பணம் வேண்டும். கதை ஓட வேண்டுமென்றால் மனிதர்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும், துரத்த வேண்டும், தொலைய வேண்டும், வழியில் யாரையாவது எதிர்பாராமல் சந்திக்க வேண்டும். நாற்பது அடிக்குள் அதெல்லாம் நடக்காது. எனவே பேசுகிறார்கள். உட்கார்ந்து பேசுகிறார்கள், நின்று பேசுகிறார்கள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். வெளியே நடந்திருக்க வேண்டியது எல்லாம் வசனமாக உள்ளே வருகிறது.

இன்னொன்று, எடிட்டிங் மேசையில் நடப்பது. அந்த ரிக்‌ஷா ஷாட்டுக்கு ஒரு லோரி மண், அரை நாள், அறுபது பேர் கூலி ஆகியிருக்கிறது. கதைக்கு அது இரண்டு விநாடி போதும், உண்மையில் தேவையே இல்லை. ஆனால் யார் அதை வெட்டுவார்கள்? தயாரிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு விநாடி ஓடுகிறது. இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு விநாடியாகச் சேர்ந்து, படம் ஒரு வாடகைக் காரில் மெல்லப் போய் ஊர் பார்ப்பது போல ஆகிவிடுகிறது. பணம் தேடும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது என்பேன். முதலீடு செய்பவரிடம் முதலில் நீட்டுவது பெரும்பாலும் பழைய புகைப்படங்கள் ஒட்டிய ஆல்பம்தான். பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போகும். திரைக்கதையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

புகைப்படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழங்காலம் ஏன் எப்போதும் மஞ்சளாக இருக்கிறது? 1940-இல் பினாங்கில் அடித்த வெயில் இன்று அடிப்பது போல வெள்ளை வெயில்தான். மஞ்சள் வந்தது புகைப்படத் தாளுக்கு வயதானதால். காலத்தின் நிறம் என்று நாம் நினைப்பது தாளின் மூப்பு. அதே போலத்தான் உடையும். நம் தாத்தா பாட்டி படங்கள் எல்லாம் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தவை. இருப்பதில் நல்ல சேலையை, இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றார்கள். அதைப் பார்த்து உடை தைத்தால், படத்தில் எல்லாரும் செவ்வாய்க்கிழமை காலையில்கூட ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டவர்கள் போல இருப்பார்கள். அப்புறம், ஒரு வீட்டில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரே வருடத்தைச் சேர்ந்தவை ஆகிவிடுகின்றன. நிஜ வீட்டில் அப்படி இருக்குமா? பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பு ஒரு பக்கம், நேற்று கடனுக்கு வாங்கிய ரேடியோ ஒரு பக்கம். அந்தக் கடனில்தான் கதை இருக்கிறது. படத்தில் ரேடியோ இருக்கிறது, தவணை இல்லை.

நம் இலக்கணத்தில் இந்தக் கோளாறைப் பேசுவதற்கான சொற்கள் எப்போதோ வந்துவிட்டன. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த சங்கதிதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். அங்கே மனிதருக்குள் நேர்வது உரிப்பொருள். தொல்காப்பியம் மூன்றையும் வரிசைப்படுத்தி, முறையே சிறந்தவை என்கிறது. முதலைவிடக் கரு, கருவைவிட உரி என்று உரைகாரர்கள் விரித்தார்கள். நம் பீரியட் படங்களில் முதலும் கருவும் பொங்கி வழிகின்றன, உரிப்பொருள் ஒரு காதலும் ஒரு சாவுமாக ஒப்புக்கு ஒட்டப்படுகிறது.

ஆனால் இதில் நான் ரசிப்பது வரிசையை மட்டும் இல்லை. அந்தப் பாட்டுகளில் பொழுது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் தலைவன். மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். குறுந்தொகையில் ஒரு தோழி சமாளிக்கிறாள்: இந்தக் கொன்றை மரம் அறிவில்லாதது, பருவம் தப்பிப் பெய்த மழையைப் பார்த்துக் கார் வந்துவிட்டது என்று நம்பிப் பூத்துவிட்டது. அங்கே கொன்றைப் பூ காட்சிக்கு அழகு சேர்க்க வரவில்லை. கெடு முடிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது. தோழி அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். பின்னணி என்று நாம் சொல்வதுதான் அங்கே நெருக்கடி.

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வரலாம். உச்சி வெயிலில் ஏன் மரம் வெட்டக் கூடாது? இரவில் மரம் நீரை இழப்பது குறைவு. விடியற்காலையில் பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு நிற்கும். அப்போது வெட்டினால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய் அழுத்தம் இறங்கும், வடிவது குறையும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, தலையில் விளக்கு. ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். பட்டையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் தண்டலிடம் வசவு. மேலோட்டமாகப் போனால் பால் வராது, அதற்கும் வசவு. வெட்டி முடித்துத் திரும்பி வந்து மங்கு மங்காக வாளியில் ஊற்றி, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, பால் உறைவதற்குள் நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். அன்றைக்கு வேலை இல்லை. எல்லாம் வெட்டி முடித்து, ஒன்பது மணிக்கு மழை வந்தால்? ஐந்நூறு மங்கிலும் தண்ணீர் கலந்துவிடும்.

இதைப் படிக்கும்போதே ஓர் இழுவை தெரிகிறது இல்லையா? நாலரை மணிக்குத் தொடங்கி ஒரு கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆயாக்கொட்டகையில் விட முடியாது, பெரட்டுக்குப் போகாவிட்டால் பெயர் இல்லை, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. இதற்கு மேல் ஒரு திரைக்கதை ஆசிரியர் என்ன கற்பனை செய்ய வேண்டும்? நான் பார்த்த படத்தில் கத்தி சரி, மங்கு சரி, சேலைக் கட்டுகூடச் சரி. நேரம் மட்டும் தப்பு. வெயில் தூணாக இறங்கினால்தான் ஷாட் அழகாக இருக்கும் என்று காலை பதினொரு மணிக்கு நகர்த்திவிட்டார்கள். நகர்த்தியபோது கடிகாரம் விழுந்துவிட்டது. கடிகாரம் இல்லாததால் அந்தப் பெண்களுக்கு அவசரம் இல்லை. அவசரம் இல்லாததால் பாட்டுப் பாடுகிறார்கள். தகவல் பிழை என்றால் பெரியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம். அந்தப் பிழையோடு சேர்ந்து ஒரு காட்சியின் உயிரும் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது சைக்கிள். படத்தில் நாயகன் பச்சை நிற ராலே சைக்கிள் வைத்திருக்கிறான். பழசைத் தேடிப் பிடித்து, டைனமோ விளக்கோடு, பெடலில் அந்தப் பழைய கட்டையோடு பளபளவென்று வைத்திருக்கிறார்கள். மணிச் சத்தம்கூட அசல். 1940 என்று எழுத்துப் போடுகிறார்கள். துரை பங்களா முன்னால் நாயகியை முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு, சிரித்தபடி மிதித்துப் போகிறான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல் என்று கோரிக்கைப் பட்டியல் போகிறது. அதில் ஒன்று: துரையோ தோட்ட அலுவலர்களோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்டிருக்கிறார்கள் என்றால், அந்த இறங்குதல் எவ்வளவு உறுத்தியிருக்கும்! வெள்ளைக்காரரோடு நிற்கவில்லை, தோட்டக் கணக்கரான கிராணி வந்தாலும் இறங்க வேண்டும், கிராணி பல தோட்டங்களில் நம் ஆள்தான். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

இது ஏன் 1941-இல் வெடித்தது, அதற்குப் பத்து வருடம் முன்பு ஏன் இல்லை என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணி காலத்தில் ஒருவன் முறைத்தால் அடுத்த கப்பலில் வேறு ஆள். 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை இந்திய அரசு தடை செய்தது. வேலையாள் வரத்து சுருங்கியது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் போர், ரப்பருக்கு ஏக கிராக்கி. துரைக்கு வேறு ஆள் கிடைக்காது என்பது தொழிலாளிக்கும் தெரிந்துவிட்டது. முதல் முறையாக அவன் இறங்காமல் போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறான். ஒரு சைக்கிள், ஒரு மண் சடக்கு (சாலை), எதிரே கிராணி. பத்து அடி தூரம் இருக்கும்போது காலை ஊன்றுவானா, மிதிப்பானா? மண் கொட்ட வேண்டாம், கோபுரத்தை மறைக்க வேண்டாம், செலவே இல்லாத காட்சி. நம் படத்தில் அந்த சைக்கிள் ஒரு டூயட்டுக்குப் பயன்பட்டது.

பீரியட் படங்களில் நாயகன் மட்டும் அந்தக் காலத்தவன் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டை அந்தக் காலம், மீசை அந்தக் காலம். ஆனால் அவனுக்குச் சாதி தெரியாது, துரைமேல் பயம் கிடையாது, பெண்களைச் சமமாக நடத்துகிறான், கள் குடிப்பதில்லை. இன்றைக்கு நமக்கு எது சரியோ அது எல்லாம் அவனுக்கு 1940-இலேயே சரி. அப்படிப்பட்டவனுக்கு உள்ளே மாறுவதற்கு என்ன இருக்கிறது? அவன் படம் முழுக்க மற்றவர்கள் திருந்துவதற்காகக் காத்திருக்கிறான், நாமும் கூடவே காத்திருக்கிறோம். அவனும் ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தால், இறங்கியதைத் தன் மகன் பார்த்துவிட்டான் என்று கூசியிருந்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் படத்துக்கு எரிபொருள் கிடைத்திருக்கும்.

அப்புறம் அந்த வருட எழுத்துகள். 1937, 1940, 1941, 1945, 1948, 1957. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம். சரித்திரத்தில் எதையும் விட்டுவிட மனசில்லை. ஜப்பான் காலத்து வாழைமரப் பண நோட்டு ஒரு காட்சி, சயாம் மரண ரயில் ஒரு காட்சி, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் ஒரு காட்சி, கடைசியில் கொடி. இது குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது. ஒரு பக்கத்தில் நின்று பார்ப்பதற்குள் அடுத்த பக்கம். எங்கள் மக்கள் கதையை யாரும் சொன்னதில்லை, கிடைத்த ஒரு வாய்ப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஏக்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு, அதனால் கேலி செய்ய வரவில்லை. ஆனால் இருபது வருடத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் திணித்தால் எந்த முடிவுக்கும் விளைவு இருக்காது. இன்று ஒருவன் தப்பு செய்தால், அதன் பலன் வருவதற்குள் எழுத்து மாறிவிடுகிறது.

பினாங்கின் ஒரு சில நாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 11 காலை ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் வந்தன. ஊர் மக்கள் பதுங்கவில்லை, தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த சில நாள்களில் ஆங்கிலேயர்கள் ஐரோப்பியர்களை மட்டும் கமுக்கமாகப் படகேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளூர்க்காரர்களிடம் சொல்லக்கூட இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை ஜப்பான்காரன் ஊரைக் குண்டு போட்டுக்கொண்டுதான் இருப்பான். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், போய் அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். ஊரில் படை இல்லை என்று வானொலியிலும் அறிவித்தார். டிசம்பர் 19-ஆம் தேதி ஜப்பான் படை உள்ளே வந்தது.

ஒன்பது நாள். ஒரு பத்திரிகையாளர், ஒரு கொடிமரம். கொடியை இறக்குவது ராஜத் துரோகமா, ஊரைக் காப்பாற்றுவதா? விட்டுவிட்டு ஓடியவர்களின் கொடி அது. ஆனால் அவர்கள் திரும்பி வந்தால் என்ன சொல்வது? வரப்போகிறவன் என்ன செய்வான்? இதற்கு அரங்கமாகக் கோட்டை இன்றும் அப்படியே நிற்கிறது, எஸ்பிளனேட் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். நான் பார்த்த படத்தில் அந்தக் கோட்டை வருகிறது. நாயகன் அதன் மதிலில் சாய்ந்து கடலைப் பார்க்கிறான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் வெறும் குறை சொல்லியாகிவிடுவேன். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', 2015 டிசம்பரில் வந்தது. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல், கெட்டது என்று பொருள், நம் வாயில் ஜகாட் ஆனது, அதுதான் தலைப்பு. 1990களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய், எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று கண்டிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. பொருள்கள் குறைவு, செலவும் குறைவு. ஆனால் தோட்டம் கைவிட்டுப் போனது அந்த வீட்டில் அப்பாவின் கோபமாக மாறி நிற்கிறது. அந்தக் காலத்தை எடுத்துவிட்டால் அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அது வாங்கியது. முதலில் மலாய் அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் தள்ளிவிட்டு, பெரிய சர்ச்சை கிளம்பிய பிறகு நடந்தது அது. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், பெரியம்மா அன்று திரையரங்கில் இரண்டு இடத்தில் அழுதார் என்பதை மறைக்கக் கூடாது. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டின் அடுப்படி ஒன்று வந்தது. தகரச் சுவரில் கரி, மூலையில் அம்மி, கயிற்றுக் கொடியில் பிள்ளைத் துணி. கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் பொலபொலவென்று அழுதார். அவர் பிறந்த லயம் இப்போது இல்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அந்த அடுப்படியை அவர் மறுபடி பார்க்க உலகத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தத் திரை. அந்தக் கலை இயக்குநருக்குக் கோடி நன்றி. பொருளைக் காட்டினாலே அழுகிற ஒரு கூட்டம் நாம் இருக்கிறோம் என்று படம் எடுப்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும் சந்தேகப்படுகிறேன்.

திரும்பும்போது பாலத்தின் மேல் நெரிசல். கார் நகரவில்லை. பெரியம்மா கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று, "அந்தப் பையன் சைக்கிள்ல போனான்ல, எங்கப்பாகிட்டயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

"பச்சையா?"

"கறுப்பு. டவுனுக்குப் போறப்ப என்னையப் பின்னாடி வச்சிக் கூட்டிட்டுப் போவாரு. பெரிய கிராணி வீட்டுக்கிட்ட வந்தா மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாரு. தாண்டுனதும் ஏறிக்குவாரு."

"அதெல்லாம் முன்னாடியே மாறியிருக்குமே பெரியம்மா? நீங்க பொறந்ததுக்கு அப்புறமுமா?"

"ஆமா. கிராணி எல்லாம் எப்பவோ போயிட்டாரு. வீட்டுல ஆளே இல்ல. கூர சரிஞ்சி, உள்ள ஆடு கட்டியிருந்தானுங்க." முன்னால் இருந்த கார் கொஞ்சம் நகர்ந்தது. "அப்பயும் எறங்குவாரு."